விதைத்தது முளைக்கவில்லை என்றால் விசுவாசம் குறைவா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் கணவரின் தொழில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் போகும் சபையில், "கடனில் இருக்கிறவன்தான் முதலில் விதைக்க வேண்டும், விதைக்காதவன் எதை அறுப்பான்?" என்று சொன்னார்கள். கைமாற்று வாங்கி மூன்று முறை காணிக்கை கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை, கடன்தான் கூடியது. இப்போது போய்ச் சொன்னால், "உங்களுக்குள் அவிசுவாசம் இருக்கிறது, இல்லையென்றால் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்கிறார்கள். என் மகன் ஜெபத்தில் "ஆண்டவரே, நாங்கள் என்ன தப்பு செய்தோம்?" என்று கேட்கிறான். விசுவாசத்துக்கும் பணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு நேராகவே சொல்லிவிட்டார். யோவான் 9-ம் அதிகாரம். இன்றைக்கே பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை வாசித்துக் காட்டுங்கள். அப்பாவின் தொழில் படுத்ததற்கு அவன் எந்தப் பாவத்தையும் தேட வேண்டியதில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட போதனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பணம் வந்தால் போதனை உண்மை. வராவிட்டால் உங்கள் விசுவாசம் பொய். எந்தப் பக்கம் விழுந்தாலும் போதனைக்கு அடிபடாது, அடிபடுகிறவர் நீங்கள்தான். சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்து "விதைத்தேன், ஒரே மாதத்தில் வீடு வாங்கினேன்" என்று சொல்கிறவரை எல்லோரும் கேட்கிறோம். அவரைப் போலவே கொடுத்து, வேலையும் போய், வீடும் போய், பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அவரும் சாட்சிதான், ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்க ஆள் இல்லை.

நான் பல வருடம் ஒரு சபையில் காணிக்கை எண்ணும் குழுவில் இருந்தவன். அங்கே விசேஷ கூட்டங்களுக்கென்று தனியாக உறை அச்சடிப்பார்கள். உறைமேல் இரண்டு கோடுகள் இருக்கும். முதல் கோட்டில் "நான் விதைப்பது", இரண்டாவது கோட்டில் "நான் அறுவடையாக எதிர்பார்ப்பது". ஒருநாள் அப்படி ஒரு உறையைப் பிரித்தபோது ரூபாய் நோட்டுகளோடு ஒட்டிக்கொண்டு ஓர் அடகு ரசீதும் வந்து விழுந்தது. ஒரு சின்ன நகை. ரசீது மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்தது. இரண்டாவது கோட்டில் தொகை எதுவும் இல்லை, "மகளின் ஆபரேஷன்" என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். "ஒருவருடைய ஆசீர்வாதத்தைத் தடுக்கிற பாவம் நமக்கு வேண்டாம்" என்றார். ரசீதை மட்டும் அந்த அம்மாவைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன், பணம் பெட்டிக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் போதனை ஆதித் திருச்சபையிலிருந்து வந்தது அல்ல. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன், கென்னத் ஹேகின், ஓரல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் வழியாக உருவாகி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏறி உலகம் முழுக்கப் பரவியது. காணிக்கையை "விதை" என்று பேசும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ராபர்ட்ஸ். 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று 1987-ல் நேயர்களிடம் சொன்னவரும் அவர்தான். அதே காலத்தில் தொலைக்காட்சி ஊழியத்தில் கொடிகட்டிப் பறந்த ஜிம் பேக்கர் 1989-ல் மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டு 1994 வரை சிறையில் இருந்தார். இயேசுவின் வார்த்தைகளைச் சிறையில் முறையாகப் படித்த பிறகுதான், தான் செல்வத்தைப் பற்றிப் பிரசங்கித்தது தவறு என்று தெரிந்தது என வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். இந்தப் போதனையைக் கண்டிக்கிறவர்கள் வசதியான நாடுகளின் இறையியலாளர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2008, 2009-ம் ஆண்டுகளில் லோசான் என்ற உலகளாவிய சுவிசேஷ இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் கானாவில் கூடி, இது வேதத்தைத் திரிக்கிறது, ஏழைகளை நசுக்குகிறது என்று எழுதி வைத்தார்கள். வறுமையைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் சொன்னது அது.

சரி, வசனங்களுக்கு வருவோம். "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்ற 3 யோவான் 2-ம் வசனத்தை வாக்குத்தத்தம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் நலவிசாரிப்பு. நாமும் கடிதத்தைத் தொடங்கும்போது "நலமாயிருக்க வேண்டுகிறேன்" என்று எழுதுகிறோம், அதைக் காட்டி யாரும் நம்மிடம் பணம் கேட்டு வருவதில்லை. மல்கியா 3:10-ல் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால் போனால், கூலிக்காரரின் கூலியையும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். நியாயப்பிரமாணத்தில் மூன்றாம் வருடத்துத் தசமபாகம் யாருக்குப் போனது என்று உபாகமம் 14-ல் பாருங்கள்: லேவியனுக்கு, பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு. அந்தக் கணக்குப்படி உங்களுடைய இன்றைய நிலையில் நீங்கள் வாங்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறீர்கள்.

கிறிஸ்து தரித்திரரானார், நாம் ஐசுவரியவான்களாகும்படிக்கு என்ற 2 கொரிந்தியர் 8:9-ஐத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வளைக்கிறார்கள். எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி சேர்க்கும்போது பவுல் எழுதியது அது. வாங்கும் நோக்கத்தில் யாரும் அங்கே கொடுக்கவில்லை. மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலிருந்தே கொடுத்தன, அதற்காகப் பவுல் அவர்களுக்குப் பணக்கார வாழ்க்கை வாக்களிக்கவில்லை, ஒருவருடைய மிகுதி இன்னொருவருடைய குறைவுக்கு உதவட்டும், சமநிலை வரட்டும் என்றுதான் எழுதினார்.

மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுதிய 95 கருத்துரைகளில் 46-வது உங்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்: தேவைக்கு மிஞ்சி இல்லாதவர்கள் தங்கள் குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், அன்றைய சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டுக்காக அதை வீணாக்கக் கூடாது என்று கிறிஸ்தவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வருகிற பணத்தில் முதலில் வீடு, பிள்ளையின் படிப்பு, கைமாற்று கொடுத்தவர். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது, வீட்டைக் கவனிப்பதும் விசுவாசத்தில்தான் சேரும். கொடுக்காமல் விட்டதால் தூக்கம் வராவிட்டால், உங்களைவிட முடியாமல் இருக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பணம் வேண்டாம்.

கேள்வி: ஆபிரகாம், யோபு, சாலொமோன் எல்லாரும் செல்வந்தர்கள்தானே? உழைத்து முன்னேறுவதை ஆசீர்வாதம் என்று சொல்வதில் என்ன தவறு? எப்போதும் கஷ்டப்பட்டால்தான் பக்தியா?
- ஓர் இளைஞர்

பதில்: தம்பி, தவறே இல்லை. பவுல் கூடாரத் தொழில் செய்தார், லீதியாள் இரத்தாம்பரம் விற்றாள், யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள். வசதி வந்தால் நன்றி சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அதை விசுவாசத்தின் மதிப்பெண் ஆக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

யோபுவை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" இந்தக் கேள்வியைக் கேட்டது யார்? சாத்தான். ஆதாயம் இருப்பதால்தான் பக்தி, வேலியை எடுத்துப் பார், பக்தியும் போய்விடும் என்பது அவன் வாதம். அந்தப் புத்தகம் முழுக்க அந்த வாதத்துக்கு எதிராகத்தான் போகிறது. "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று யோபுவின் சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது. மேலே எழுதிய சகோதரியிடம் "மறைவான பாவம்" என்று சொன்னவர்கள் 42-ம் அதிகாரம் வரை போகவில்லை போலிருக்கிறது.

தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். குடியை விட்டவன் கையில் காசு தங்கும், நேர்மையாக உழைக்கிறவனை நாலு பேர் நம்புவார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதைக் கவனித்தார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் கொண்டுவரும், அவை செல்வத்தைக் கொண்டுவரும், செல்வம் கூடக் கூட பக்தி குறையும் என்று கவலைப்பட்டார். அதற்கு அவர் கண்ட ஒரே மருந்து கொடுப்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு இளைஞரின் கணக்கை அவர் சொல்லியிருக்கிறார், அது அவர்தான் என்று பொதுவாக நினைக்கிறார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு, 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, பிறகு 120, செலவு மட்டும் அதே 28. வருமானம் கூடினால் கொடுப்பது கூடியது, வாழ்க்கைச் செலவு கூடவில்லை. உங்களுக்குச் சம்பளம் உயரும்போது இந்தக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் வரவு செலவு கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்கள். கேட்கலாமா, கூடாதா?
- ஒரு சபை அங்கத்தினர்

பதில்: கேட்கலாம், கேட்க வேண்டும். நீங்கள் சொல்கிற வசனம் சங்கீதம் 105:15. அங்கே ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப்பேராக, சொந்த நிலமில்லாமல், நாடு நாடாக அலைகிறார்கள், அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கச் சொன்ன வார்த்தை அது. அதைத் திருப்பி, கணக்குப் புத்தகத்துக்குப் பூட்டாகப் போடுகிறார்கள்.

பவுல் எருசலேமுக்கான பணத்தைத் தானே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று காரணத்தையும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள், கோபமில்லாமல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் சபையில் உள்ள விதவைகளுக்கும் வேலை இழந்தவர்களுக்கும் எவ்வளவு போனது, இந்த இரண்டு தொகையை மட்டும் முதலில் கேளுங்கள்.