மர லூரில் பெயிண்ட் கொப்புளித்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: பால்சா என்ற மிக லேசான மரத்தில் ஐந்து லூர் (தூண்டிலில் மாட்டும் செயற்கை மீன்) செய்தேன். ஆசை ஆசையாக ஏர் பிரஷ்ஷில் வண்ணம் அடித்து, மேலே ஐந்து நிமிட எபாக்ஸியும் (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசினேன். மூன்றாவது தடவை தண்ணீரில் போட்டபோது நான்கில் பெயிண்ட் கொப்புளித்துவிட்டது, முள் மாட்டும் கண்ணியைச் சுற்றி விரிசல் வேறு. ஐந்தாவது நன்றாக இருக்கிறது, ஆனால் நீந்தாமல் பக்கவாட்டில் சாய்ந்து சுழல்கிறது. எந்த பெயிண்ட் வாங்குவது, எத்தனை கோட் அடிப்பது?

பதில்: எந்த பெயிண்ட் வாங்கினாலும் இதேதான் நடக்கும். நீங்கள் சொன்ன எதிலும் பெயிண்டின் தப்பு இல்லை, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மரம் தண்ணீர் குடித்தால் குறுக்குவாட்டில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் போர்த்தியிருக்கும் எபாக்ஸி ஓட்டுக்கு அந்த நெளிவு கிடையாது, அதனால் எங்கே பலவீனமோ அங்கே விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் போகும், அப்புறம் வெயிலில் வைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடி பெயிண்டைத் தூக்கும். அதுதான் உங்கள் கொப்புளம்.

தண்ணீர் எங்கே நுழைந்தது என்பதற்கும் விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கண்ணியைச் சுற்றி. அநேகமாக முதலில் மரத்துக்கு சீலர், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் அடிப்பூச்சு, பூசி, அது காய்ந்த பிறகு துளை போட்டு கண்ணியைத் திருகியிருப்பீர்கள். நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் செய்தேன், வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும், துளைக்குள்ளே பூச்சு படாத வெறும் மரம். மரம் தண்ணீரை வேகமாக இழுப்பது ரேகையின் குறுக்கே அல்ல, ரேகை ஓடும் திசையில், அதாவது மூக்கு நுனியிலும் வால் நுனியிலும். கண்ணிகள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே எல்லாத் துளையும், உதட்டுக்கான (மூக்கடியில் நீட்டிக்கொண்டு லூரை நீந்தவைக்கும் தகடு) வெட்டும், ஈயம் வைக்கும் குழியும் போட்டு முடித்த பிறகுதான் சீலர். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு குச்சியால் தனியாகத் தடவ வேண்டும். கண்ணியை எபாக்ஸியில் தோய்த்துத் திருக வேண்டும்.

சீலருக்கு நான் பயன்படுத்துவது மெல்லிய, மெதுவாக இறுகும் எபாக்ஸி. இதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது. மரத்தை முதலில் ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு சூட்டை நிறுத்திவிட்டுப் பூசுங்கள். மரம் ஆறும்போது நுண்துளைகளில் இருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால், அதாவது பூசிவிட்டு சூடு காட்டினால், அதே காற்று விரிந்து ஊசி முனை மாதிரி நூறு குமிழாக வெளியே வரும். காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு கோட். பால்சாவுக்கு இரண்டு கோட் கட்டாயம், ஏனென்றால் அது மரம் என்பதைவிடப் பஞ்சு என்று சொல்லலாம், மீன் பல் பட்டாலே குழி விழும்.

சிலர் ஆளி விதை எண்ணெயில் ஊறவைப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் முழுதாகக் காயப் பல நாள் ஆகும், பொறுமை இல்லாமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஒட்டாது. இன்னொன்று, அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடாகித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவையுங்கள்.

சொல்லப்போனால் தண்ணீர் புகாத தோல்தான் இந்தக் கைவேலையின் பழைய தலைவலி. பின்லாந்து மீனவர் லவ்ரி ரப்பாலா 1936-இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கி, பளபளப்புக்கு சாக்லேட் சுற்றி வரும் தாளைச் சுற்றினார். அந்தக் கதையைச் சொல்பவர்கள் சாக்லேட் தாளோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த வரி. அதன் மேல் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். எபாக்ஸி கைக்கு வராத காலத்தில் அந்த மனிதர் தேடியதும் நீங்கள் இப்போது தேடுவதும் ஒன்றுதான்.

மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பால்சா நன்றாக மிதக்கும், கொஞ்சம் இழுத்தாலும் துள்ளும், ஆனால் திருகு கண்ணியைப் பிடித்துவைக்கும் பலம் அதற்கு இல்லை. பால்சாவில்தான் செய்வேன் என்றால் வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை, 1 மி.மீ. போதும், வளைத்து உள்ளே வைத்து மூடுங்கள். மரம் இரண்டாகப் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். பழகும் கைக்கு நான் சொல்வது சீடர் அல்லது பாஸ்வுட். மென்மையாகச் செதுக்க வரும், திருகையும் பிடிக்கும். தேக்கு வேண்டாம், கனமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து படுத்தும். எந்த மரமானாலும் கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு, துளைகள், உதட்டு வெட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பிறகு உருண்டையாக்குங்கள். உருட்டிய பிறகு நேரான வெட்டுப் போடுவது யாராலும் ஆகாது.

சரி, சுழலும் ஐந்தாவது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று வயிற்றில் கனம் போதவில்லை, இல்லையென்றால் உதடு கோணலாக இருக்கிறது. முதலில் உதட்டை முன்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் போதும், லூர் சுற்றும். அது நேராக இருந்தால் அநேகமாக ஈயம்தான் பிரச்சினை. உடம்பின் மிதப்பு மேலேயும் கனம் கீழேயும் இருந்தால்தான், ஆட்டி விட்ட பொம்மை நிமிர்வது போல அது ஒவ்வொரு ஆட்டத்திலும் நிமிரும். அந்த இழுபறிதான் நாம் பார்க்கும் நெளிப்பு.

இதைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சீலர் காய்ந்ததும் உதடு, வளையம், முள் எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, ஈயத் துண்டுகளை வயிற்றில் ரப்பர் பேண்டால் கட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். முதுகு மேலே, வயிறு கீழே நிற்க வேண்டும், விரலால் சாய்த்துவிட்டால் சட்டென்று எழ வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் அங்கே குழி போட்டு ஈயத்தை வைத்து எபாக்ஸியால் மூடுங்கள். தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மிதக்கட்டும், பெயிண்டும் மேல் பூச்சும் சேர்ந்தால் எடை கூடும். வாளியில் நல்ல தண்ணீர், ஆனால் வீசப்போவது கடலில் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். கடல்நீர் ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம், வாளியில் அந்தரத்தில் நின்றது அங்கே மேலே வந்துவிடும். அப்புறம், ஈயத்தை வீட்டுக்குள் உருக்கி ஊற்றாதீர்கள். புகையும் தூசியும் விஷம், ஈரமான குழியில் ஊற்றினால் தெறிக்கும். தயாராகக் கிடைக்கும் குண்டுகளே போதும்.

உதடு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும், அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால் கல்லில் பட்டதும் உடையும். உடம்போடு ஒரே நேர்கோட்டை நோக்கிச் சாயச் சாய லூர் ஆழம் போகும், செங்குத்தாக நிற்க நிற்க மேலேயே நீந்தும்.

இப்போது நீங்கள் கேட்ட பெயிண்ட். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும். வெள்ளை பிரைமர், அதன் மேல் வெளிர் நிறம், கடைசியில் அடர் நிறம். கோட் எத்தனை என்பதைவிட எவ்வளவு மெல்லியது என்பதுதான் கணக்கு. ஒவ்வொன்றையும் சூடான காற்றில் உலர்த்துங்கள், மேல் பூச்சுக்கு முன் ஒரு முழு நாள் விடுங்கள், ஏனென்றால் அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் இருக்கும். செதிலுக்கு வலைத்துணியை இறுக்கிக் கட்டி மேலிருந்து அடித்தால் போதும். முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு, அவ்வளவு செய்தாலே பாதி மீன் ஆகிவிட்டது. சிவப்பு வயிற்றுக்கு மணிக்கணக்கில் மெனக்கெடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், தண்ணீர் முதலில் விழுங்கும் நிறமே சிவப்புதான், கொஞ்சம் ஆழம் போனால் அது வெறும் சாம்பல். கண் வரைய மார்க்கர் பேனா எடுக்காதீர்கள், எபாக்ஸி பட்டதும் மை ஓடும்.

மேல் பூச்சில்தான் நீங்கள் இன்னொரு தப்பு செய்திருக்கிறீர்கள். ஐந்து நிமிட எபாக்ஸி ஒட்டுவதற்கு, பூசுவதற்கு அல்ல. சீக்கிரம் மஞ்சளாகும், தண்ணீரையும் அவ்வளவாகத் தாங்காது, சமமாகப் பரவ நேரமும் தராது. மெதுவாக இறுகும் வகையை வாங்கி, இரண்டு பாகத்தையும் கண்ணளவில் இல்லாமல் அளந்து, குமிழ் வராமல் நிதானமாகக் கலந்து பூசுங்கள். பூசிய லூர் இறுகும் வரை நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று மெதுவாகச் சுழல வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் சொட்டு நிற்கும். மோட்டார் இல்லையா, முதல் ஒரு மணி நேரம் கையால் திருப்பித் திருப்பி வையுங்கள், சலிப்பாக இருக்கும், வேறு வழியில்லை. பெயிண்ட் அடித்த உடம்பை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்ஸி ஒதுங்கிக் குழியாகும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம் என்று நினைத்தால் அக்ரிலிக்கும் சேர்ந்து வரும். மழை நாளில் பூசினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், அடுத்த கோட்டுக்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். கையுறை போடுங்கள், எபாக்ஸி ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் விடாது.

கொப்புளித்த நான்கையும் தூக்கி எறிய வேண்டாம். பெயிண்டை மரம் தெரியும்வரை சுரண்டி, கண்ணிகளைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். தினம் ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் உள்ளே காய்ந்துவிட்டது. அப்புறம் துளைகளிலிருந்து ஆரம்பியுங்கள்.