மூளைப் புரதம் படிக்கணும்னு மகள் நின்னா

அக்கா, நீட்டுல மார்க் கம்மி, இப்போ மகள் "குளுட்டமேட் டிரான்ஸ்போர்ட்டர் படிக்கப் போறேன்"னு பிடிவாதமா நிக்கிறான்னு எழுதியிருந்தீங்க. மண்டபம் மாதிரி ஒரு கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு இதுல என்ன வேலை கிடைக்கும்னு கவலைப்படுறீங்க. கவலை சரிதான்.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடுறேன். மூளையில ஒரு நரம்பு செல் அடுத்ததைக் கிளப்பிவிட அதிகமாப் பயன்படுத்துற ரசாயனம் குளுட்டமேட். வேலை முடிஞ்சதும் அதை அள்ளி உள்ளே எடுத்துடணும். தேங்கினா செல்லையே கொன்னுடும். அள்ளுற புரதம்தான் டிரான்ஸ்போர்ட்டர். மனுஷருக்கு 5 வகை. ஒரு குளுட்டமேட்டை இழுக்க 3 சோடியம் அயனியும் கூடவே உள்ளே போகணும், ஒரு பொட்டாசியம் வெளியே வரணும். பக்கவாதத்துல ரத்த ஓட்டம் நின்னா இந்தக் கணக்கு குலைஞ்சு, அள்ளுற புரதமே குளுட்டமேட்டை வெளியே கொட்ட ஆரம்பிச்சுடும். ஆக, உங்க மகள் பிடிச்சிருக்கிறது வெத்து ஆசை இல்லை.

நீங்க கடல்பாசி எடுக்கப் போறவங்க, அதனால இதையும் சொல்றேன். வலிப்பு நோயை ஆராய எலிக்குக் கொடுக்கிற கைனிக் அமிலத்தை 1953-ல ஜப்பான்ல பிரிச்செடுத்தது ஒரு சிவப்புப் பாசியிலிருந்துதான். அந்த அமிலமும் குளுட்டமேட் மாதிரியே செல்லைக் கிளப்பும்.

ஆனா டிரான்ஸ்போர்ட்டர்ங்கிற புரதத்தோட பேருக்கு யாரும் சம்பளம் தர மாட்டாங்க. செல் வளர்க்க, புரதம் பிரிக்க, கம்ப்யூட்டர்ல அதோட அமைப்பை ஆராயத் தெரிஞ்ச கைக்குத்தான் வேலை. அதனால இளங்கலையிலேயே "நியூரோ"ன்னு, அதாவது மூளை நரம்புப் படிப்புன்னு, பேர் போட்டு லட்சக்கணக்குல கேக்குற இடத்துக்கு நகையை அடகு வச்சுப் போகாதீங்க. பக்கத்துல நல்ல ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரியில பி.எஸ்சி. உயிர்வேதியியலோ வேதியியலோ போதும். கணக்கை விட்டுடக் கூடாது, அது முக்கியம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துல உயிர்த்தகவலியல், அதாவது உயிரியல் தகவலைக் கம்ப்யூட்டர்ல ஆராயுற படிப்புக்குத் துறையே இருக்கு.

பி.எஸ்சி. மட்டும் முடிச்சா சம்பளம் சொற்பம்தான், மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரைக்கும் போகணும், பத்து வருஷம் ஆகும். நெட்ங்கிற தேசியத் தகுதித் தேர்வுல ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் இடம், வாங்கிட்டா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதுக்கப்புறம் உங்க கையை எதிர்பார்க்க மாட்டா.

இன்னொரு நீட்டுக்காக ஒரு வருஷம் வீட்டுல உட்கார வைக்காதீங்க. ஐசர்ங்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களோட நுழைவுத் தேர்வு கை நழுவிப் போயிருந்தாலும் இப்பவே பி.எஸ்சி. சேர்த்துடுங்க, மூணாம் வருஷம் ஜாம்ங்கிற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்கோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கோ (ஐஐஎஸ்சி) முயற்சி பண்ணலாம்.