அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட குடியேற்றக் காலத்துப் பரம்பரைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்ததற்கும் புலம்பெயர்ந்தோர் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் அது தொடக்கத்திலேயே வந்ததல்ல. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சியில், வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய சமையலறை ஒன்றை அமைத்து ராட்டையும் கணப்பும் காட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. இயந்திரங்கள் விழுங்கிய கைத்தொழில் மீதான ஏக்கமே அதில் பெரிது.

1880-களில் இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யப் பேரரசின் யூதர்கள் பெருமளவில் வரத் தொடங்கியதும் இந்தக் காட்சியின் அர்த்தம் மாறியது. வரவேற்பறை ராட்டை நூல் நூற்க அல்ல, 'நாங்கள் முந்தி வந்தவர்கள்' என்று காட்ட. வம்சாவளிச் சான்று கேட்கும் சங்கங்களும் அப்போதுதான் முளைத்தன: 1890-இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் (விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்கள்), 1897-இல் மேஃப்ளவர் சந்ததியினர் (1620-இல் ஆங்கிலேயக் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலின் பயணிகள் வழிவந்தோர்). இடையே 1894-இல் பாஸ்டனில் ஹார்வர்டு பட்டதாரிகள் குடியேற்றக் கட்டுப்பாட்டுக் கழகம் தொடங்கி, குடியேற வருவோருக்கு எழுத்தறிவுத் தேர்வு கோரினர். 1917-இல் அது சட்டமானது.

ராட்டை வைத்திருந்தவர் எல்லாம் வெறுப்பாளர் என்று முடிவுகட்டுவது தவறு. அது செய்யப்பட்ட ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். பரணிலிருந்து எப்போது இறங்கியது, யார் இறக்கினார், விளக்கச் சீட்டில் என்ன எழுதினார் என்று தேடுங்கள். 'மேஃப்ளவரில் வந்தது' என்ற குடும்பக் கதையை அப்படியே நம்பக் கூடாது. 102 பயணிகளோடு வந்த சிறு கப்பல் அது. அதில் வந்ததாகச் சொல்லப்படும் மரச்சாமான்கள் அதன் கொள்ளளவை மிஞ்சும்.