கப்பல் நிற்கும் ஒரு பகலில் பாய்மரப் படகும் ஸ்நார்கெலிங்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குரூஸ் போகும்போது ஸ்நார்கெலிங் செய்ய (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி தண்ணீருக்கடியில் பார்ப்பது) கப்பல் நிறுவனத்தின் டூரை விட்டுவிட்டு, வெளியே தனியாகப் படகு பதிவு செய்யலாமா என்று கேட்டு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் கரீபியன் கடல் பக்கம் போகிறவர்கள். அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கப்பலிலேயே கேட்டமரான் (இரட்டை அடிப்பாகப் பாய்மரப் படகு) டூர் விற்கிறார்கள். வெளியே அதே மாதிரி டூர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதை எடுப்பது?

விலையைக் கடைசியில் பாருங்கள். கப்பல் விற்கும் டூரை நடத்துவதும் பெரும்பாலும் உள்ளூர்ப் படகுக்காரர்தான். கடலும் மீனும் அதேதான். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கப்பல் மூலமாகப் பதிவு செய்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. அடுத்த தீவுக்கு விமானம், ஹோட்டல் என்று எல்லாச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொரு வித்தியாசம் கூட்டம். கப்பல் டூரில் அறுபது, எழுபது பேர் ஒரே படகில் போவது சாதாரணம். தனிப் படகில் பத்துப் பதினைந்து பேரோடு போகலாம். தண்ணீருக்குள் இது பெரிய விஷயம். எழுபது ஜோடி ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்துக் கலக்கிய இடத்தில் மணலைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

என் கணக்கு இதுதான்: கப்பல் நேராகத் துறையில் கட்டுகிறது, எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது, படகு கிளம்பும் இடமும் பக்கத்தில் இருக்கிறது என்றால் தைரியமாகத் தனியாகப் போங்கள். பார்படோஸில் கார்லைல் விரிகுடா பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துக்கு மிக அருகில். ஆழமில்லாத தண்ணீரில் மூழ்கிய கப்பல்களும் கடலாமைகளும் அங்கேயே உண்டு. அங்கே கப்பல் டூரைத் தேட அவசியமே இல்லை. மாறாக, நிற்கும் நேரம் ஐந்தாறு மணிதான், அதிலும் சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டிய இடம் என்றால் கப்பல் டூரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கும். மதியம் கிளம்பி 4 மணிக்குத் திரும்பும் பாய்மரப் படகு ஒன்று பார்த்தேன். ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறதே, போதாதா?

போதாது. 5 மணி என்பது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய ‘ஆல் அபோர்டு’ நேரம் வழக்கமாக அதற்கு அரை மணி முன்னால் வரும். சில கப்பல்களில் இன்னும் முன்னால். ஆக, உங்கள் கெடு 4.30. நாலு மணிக்குப் படகு துறைக்கு வந்தால், ஈரத் துணியோடு இறங்கி, செருப்பைத் தேடி, டாக்ஸி பிடித்து, துறைமுக வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். ஒரு இன்ஜின் கோளாறு, ஒரு மழை, ஒரு போக்குவரத்து நெரிசல் வந்தால் கதை முடிந்தது.

ஆல் அபோர்டு நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் படகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அதனால் காலைப் படகுதான் சரி. பொதுவாகக் காலையில் காற்றும் அலையும் குறைவு, தண்ணீரும் தெளிவாக இருக்கும். அதற்காக, கப்பல் 8 மணிக்கு வருகிறது என்று 8.30 படகைப் பிடித்துவிடாதீர்கள். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் இறங்க விடுவார்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

கடிகாரத்தையும் சொல்லியாக வேண்டும். கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மெக்சிகோவின் கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் வருடம் முழுக்க ஒரே நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. ஃப்ளோரிடாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அங்கிருந்து கிளம்பிய கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் கோசுமெல் வந்தால், கப்பலில் மாலை 5 மணி ஆகும்போது கரையில் 4 தான். செல்போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். படகுக்காரரிடம் பேசும்போதும் “இது கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா?” என்று கேளுங்கள். அடிக்கடி குரூஸ் பயணிகளை ஏற்றுகிறவர் உடனே பதில் சொல்வார். தடுமாறுகிறவரிடம் பதிவு செய்யாதீர்கள்.

பக் ஐலண்ட் ஸ்நார்கெலிங் மிகவும் நன்றாக இருக்கும் என்றார்கள். எங்கள் கப்பல் செயின்ட் தாமஸில் நிற்கிறது. எப்படிப் பதிவு செய்வது?

முதலில் எந்த பக் ஐலண்ட் என்று பாருங்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் அந்தப் பெயரில் இரண்டு உண்டு. செயின்ட் தாமஸுக்கு அருகில் இருப்பது கடலாமைகளுக்குப் பெயர்போனது, அரைநாள் கேட்டமரான் டூருக்குத் தோதானது. உங்களுக்கு அதுதான் கிடைக்கும். 1961-இல் அதிபர் கென்னடி தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த பவளத்திட்டு, நீருக்கடியில் வழிகாட்டிப் பலகைகளோடு இருக்கும் பாதை, இதெல்லாம் செயின்ட் குரோய் தீவை ஒட்டிய இன்னொரு பக் ஐலண்டில். படங்களைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

செயின்ட் குரோய் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கப்பல் கட்டுவது தீவின் மேற்குக் கோடியில், ஃபிரெட்ரிக்ஸ்டெட்டில். பக் ஐலண்ட் படகுகள் வடக்குக் கரையில் கிறிஸ்டியன்ஸ்டெட் பக்கமிருந்து கிளம்புகின்றன. போக வர டாக்ஸி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அங்கே ஆட்களை அழைத்துப்போக தேசியப் பூங்கா சேவையின் அனுமதி பெற்ற படகுகளுக்கு மட்டுமே உரிமை. அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

செயின்ட் தாமஸிலும் ஹாவென்சைட், கிரவுன் பே என்று கப்பல் கட்டும் இடங்கள் இரண்டு. உங்கள் கப்பல் எதில் கட்டுகிறது என்று பார்த்து, படகு ஏறும் இடம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, நீச்சல் தெரியாது. ஆனால் மீன் பார்க்க ஆசைப்படுகிறார். கூட்டிக்கொண்டு போகலாமா? எந்த மாதிரிப் படகு?

போகலாம், ஆனால் ஆசையோடு முன்னேற்பாடும் வேண்டும். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள். ஸ்நார்கெலிங்கில் உயிர் போகும் சம்பவங்கள் பல சத்தமில்லாமல், ஆழமில்லாத இடத்திலேயே நடக்கின்றன. கூச்சல் இருக்காது, கை கால் அடிப்பதும் இருக்காது. முகம் தண்ணீரில், உடல் மிதந்தபடி. பார்க்கிறவர்கள் மீனை ரசிக்கிறார் என்றே நினைப்பார்கள்.

படகு என்றால் கேட்டமரான்தான். இரண்டு அடிப்பாகம் இருப்பதால் அதிகம் சாயாது, தளம் அகலம், பிடித்து நடக்கலாம். ஒற்றை அடிப்பாகப் பாய்மரப் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாயும். பாய் ஓட்டத்தை ரசிக்கிறவர்களுக்கு அது சுகம், வயதானவர்களுக்குச் சிரமம்.

அதைவிட முக்கியம் ஏணி. படகிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் படிகளின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாய்வாக, அகலமான படியும் இரு பக்கம் கைப்பிடியும் இருந்தால் நல்லது. செங்குத்தான குழாய் ஏணியில் இறங்குவது எளிது, களைத்துப்போய் ஈர உடம்போடு ஏறுவதுதான் கஷ்டம். கடற்கரையிலிருந்து நடந்தே இறங்கும் இடத்துக்குப் படகு போகுமானால் அம்மாவுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

பிறகு இந்தக் கேள்வி: “எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது உங்கள் ஆட்கள் எத்தனை பேர், எங்கே நிற்பார்கள்?” ஒருவர் தண்ணீரில் கூடவே, ஒருவர் டெக்கின் மேலிருந்து வேறு வேலை எதுவும் பார்க்காமல் கண்காணிக்க வேண்டும். இதுவே நான் எதிர்பார்க்கும் குறைந்தபட்சம். ஒரே ஆள் பானமும் ஊற்றி, பாட்டும் போட்டு, தண்ணீரையும் பார்க்கிற படகில் நீச்சல் தெரியாதவரை ஏற்றாதீர்கள்.

கழுத்தில் மாட்டும் ஸ்நார்கெல் வெஸ்ட் என்பது வாயால் ஊதினால்தான் மிதக்கும். ஊதாமல் விட்டால் வெறும் துணி. அம்மாவுக்கு நிரந்தரமாக மிதக்கும் லைஃப் ஜாக்கெட்டோ, இடுப்பு பெல்ட்டோ கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையெட்டும் தூரத்தில் இருங்கள். வாரம் ஒன்றிரண்டு முன்பே நீச்சல் குளத்தில், கால் தரையில் ஊன்றும் ஆழத்தில், மாஸ்க்கோடு மூச்சு விட்டுப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முழு முகமும் மூடும் மாஸ்க் வாங்கலாமா? மூக்கால் மூச்சு விடலாமாமே.

நான் பரிந்துரைப்பதில்லை. மூச்சை இழுக்க எதிர்ப்பு அதிகமாகும் எந்தக் கருவியும் கவலைக்குரியது. இழுப்பு கடினமானால் நுரையீரலில் நீர் கோத்து, ஆக்ஸிஜன் வேகமாகக் குறைய வாய்ப்பு உண்டு என்று ஹவாயில் ஸ்நார்கெல் மரணங்களை ஆராய்ந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவர்களின் எச்சரிக்கை சாதாரணக் குழாய்க்கும் சேர்த்துத்தான். அதோடு, முழு மாஸ்க்கில் ஏதாவது தவறினால் வாயிலிருந்து குழாயைச் சட்டென்று துப்ப முடியாது. அகலமான, எளிய குழாயும் கண்-மூக்கு மாஸ்க்கும் போதும். எந்த மாஸ்க்காக இருந்தாலும் மூச்சு வாங்குகிறது, உடம்பு திடீரெனத் தளர்கிறது என்று தோன்றினால் உடனே மல்லாந்து மிதந்து, கையை வீசிக் கூப்பிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. மீசை இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் கசியும்.

நான் கண்ணாடி போடுகிறவன். மாஸ்க்குக்குள் என்ன செய்வது?

பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும். சில படகுகளில் அவர்களே வைத்திருப்பார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு இறங்க வேண்டாம், கிருமித் தொற்று அபாயம் உண்டு.

சன்ஸ்கிரீனுக்குத் தடை என்கிறார்களே, உண்மையா?

சில இடங்களில் உண்மைதான். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 மார்ச் முதல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் கலந்த சன்ஸ்கிரீன்களுக்குத் தடை. ஹவாயில் முதல் இரண்டில் எது கலந்திருந்தாலும் அவற்றின் விற்பனை 2021 ஜனவரியிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. ‘ரீஃப் சேஃப்’ என்று முன்பக்கம் அச்சிட்டிருப்பதை நம்பாமல் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். ஸிங்க் ஆக்சைடு அடிப்படையிலானது நல்ல தேர்வு. அதைவிடவும் நான் சொல்வது முழுக்கை ரேஷ் கார்டு (தண்ணீரில் போடும் ஒட்டிய சட்டை)தான். குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வேகும். துணி மூடிய இடத்துக்குக் களிம்பே வேண்டாம். பவளத்துக்கும் அது நல்லது.

‘செயிலிங் டூர்’ என்று பெயர். உண்மையிலேயே பாய் விரித்துப் போவார்களா?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரீபியனில் வாணிபக் காற்று கிழக்கிலிருந்து வீசும். காற்றை எதிர்த்துப் போக வேண்டிய வழியில் நேரத்தை மிச்சப்படுத்த இன்ஜினில் போய், திரும்பும்போது பாய் விரிப்பது பலரது வழக்கம். அதில் தப்பில்லை. போக வர இரண்டும் இன்ஜின்தான் என்றால் பாய்மரம் வெறும் அலங்காரம். “எந்த வழியில், எவ்வளவு நேரம் பாய் விரிப்பீர்கள்?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் கிழக்குக் கரீபியனில் காற்று மிகவும் பலமாக வீசும். அந்தச் சமயத்தில் தீவின் மேற்குக் கரையோரம், காற்று மறைவாக இருக்கும் பக்கம் போகும் டூரைத் தேடுங்கள். கோசுமெல் பக்கம் குளிர்காலத்தில் வடகாற்று வீசினால் துறைமுக அதிகாரி சிறு படகுகளுக்குக் கடலை மூடிவிடுவார். அப்போது படகுக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

குமட்டல் வரும். மாத்திரை எப்போது போடுவது?

படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் உண்டு, அதனால் கப்பலிலேயே முந்தைய ஒரு நாள் போட்டுப் பாருங்கள். நீந்தும் நாளில் தூங்கி வழியக் கூடாது. ரம்மைத் தொடுவதானால், கடைசி முறை தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு. நல்ல படகுகள் அதற்கு முன்னால் ஊற்றவும் மாட்டா.

வானிலையால் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே போகாவிட்டால் பணம்?

பதிவுக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய உறுதி இதுதான்: “கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்.” குரூஸ் பயணிகளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தயங்காமல் தருவார்கள். கப்பல் பெயரையும் தேதியையும் பதிவிலேயே குறிப்பிடுங்கள். முழுத்தொகையை முன்கூட்டியே, அதுவும் வங்கிப் பரிமாற்றமாகக் கேட்டால் விலகிவிடுங்கள். சின்ன முன்பணம், கிரெடிட் கார்டில், அதுதான் சரி.

கிராண்ட் கேமனில் இது இன்னும் கவனம் கேட்கும். அங்கே கப்பல் துறையில் கட்டாது, நங்கூரமிட்டு டெண்டர் படகில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஜார்ஜ் டவுன் பக்கம் அலை அதிகமானால் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்தில் இறக்கிவிடுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் எங்கே வந்து கூட்டிப்போவார் என்று படகுக்காரரைக் கேட்டுவையுங்கள். டெண்டரில் முதலிடம் பெரும்பாலும் கப்பல் டூர்க்காரர்களுக்கு. அதனால் பதினொன்று மணிப் படகைப் பாருங்கள். அங்குள்ள ஸ்டிங்ரே சிட்டிக்கு (திருக்கை மீன்கள் கூடும் மணல்திட்டு) குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மணல்திட்டில் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான், போகலாம். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். திருக்கையின் முள் வாலில் இருக்கிறது, மேலே மிதித்தால்தான் ஆபத்து. படத்துக்காக அதைத் தண்ணீருக்கு மேலே தூக்க விடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கப்பல் போய்விட்டால்?

கப்பலின் தினசரித் தாளில் அந்த ஊர்த் துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதம் நிச்சயம் என்று தெரிந்த கணமே, படகிலிருந்தே அவரை அழையுங்கள். பயணி வரவில்லை என்று தெரிந்தால், கப்பல் ஊழியர்கள் அறையில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து முகவரிடம் விட்டுச்செல்வது பல நிறுவனங்களின் வழக்கம். அதை மட்டும் நம்பி இருக்காமல், பாஸ்போர்ட் நகலும் ஒரு கிரெடிட் கார்டும் அன்றைய மருந்தும் தண்ணீர் புகாத பைக்குள் எப்போதும் உங்களோடு இருக்கட்டும். அடுத்த துறைமுகம் வேறு நாடு என்றால், அங்கே விமானத்தில் போய் இறங்க விசா வேண்டுமா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலைத் தவறவிட்டால் உதவி உண்டா, எந்தக் காரணங்களுக்கு என்ற பகுதியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.