மருத்துவம் படிக்காதவர் பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். இந்தப் படிப்பு ஊரையே நோயாளியாகப் பார்க்கக் கற்றுத் தருகிறது. அதனால் புள்ளியியல், சமூகவியல், பொருளாதாரம் படித்தவர்களுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருவின் அடிபம்பில் எடுத்தவர்கள். பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் தப்பிவிட்டார்கள். அவர்கள் குடித்தது பீர், அந்தத் தண்ணீர் அல்ல! அவர் சொல்லித்தான் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ராபர்ட் கோச் என்ற ஜெர்மானிய மருத்துவர் காலராக் கிருமியை அடையாளம் காட்டியதோ சுமார் 30 ஆண்டுகள் கழித்து. கிருமி இன்னதென்று தெரியாமலே பரவும் வழியை அடைக்க முடிந்தது, பாருங்கள்.

'யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன்?' என்ற இந்தக் கேள்வியைத்தான் நோய்ப்பரவலியல் என்ற பாடமாகப் படிப்பீர்கள். கூடவே உயிரிப்புள்ளியியல், சுற்றுச்சூழல் நலம், சுகாதார நிர்வாகம், மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய பாடங்களும் உண்டு. பலரும் திணறுவது புள்ளியியலில்தான். சேரும் முன்பே நிகழ்தகவின் அடிப்படையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பயிற்சி எத்தனை வாரம், எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். என்னைக் கேட்டால், தரவரிசையைவிட அதுதான் முக்கியம்.