கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் ஆலோசகராகத் தொடங்குவது: கேள்வி பதில்

கேள்வி: மேலாண்மை ஆலோசனைப் பணிக்கு நான்கு பெரிய நிறுவனங்களில் எது நல்லது?

பதில்: நிறுவனத்தின் பெயரை விடுங்கள். எந்தப் பிரிவு, எந்த பார்ட்னர் (நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த அதிகாரி) என்று கேளுங்கள். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கிலும் உத்தி வகுப்பவர், மென்பொருள் நிறுவுபவர், இடர்களை ஆராய்பவர் எல்லோருமே ஆலோசகர்கள்தான். ஆனால் செய்யும் வேலை முற்றிலும் வேறு. பிரிவு எதுவென்று எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: பட்டயக் கணக்காளர் தேர்ச்சி கட்டாயமா?

பதில்: இல்லை.

கேள்வி: முதல் ஆண்டில் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

பதில்: பெரும்பாலும் தரவைச் சுத்தம் செய்வது. கொள்முதல் செலவைக் குறைக்கும் பணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தரும் எக்ஸெல் கோப்பில் ஒரே சப்ளையரின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும், ஓரிடத்தில் சுருக்கமாகவும், இன்னோரிடத்தில் எழுத்துப்பிழையோடும் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் அவரிடம் ஆண்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதே தெரியும். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் மொத்தம் பேரேட்டின் மொத்தத்தோடு ஒத்துப்போகாதவரை ஸ்லைடைத் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் நிதி அதிகாரி அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். இந்த வேலையைச் சலிப்பு என்று ஒதுக்காதீர்கள். ஒரு தொழில் எப்படி ஓடுகிறது என்பதை அங்கேதான் கற்கிறோம்.

கேள்வி: தணிக்கையில் சேர்ந்து பிறகு ஆலோசனைக்கு மாறலாமா?

பதில்: மாறியவர்கள் உண்டு. ஆனால் வேலை குவிந்திருக்கும் நேரத்தில் உங்களை விட்டுக்கொடுக்க தணிக்கை பார்ட்னருக்கு மனம் வராது. ஆலோசனைதான் விருப்பம் என்றால் நேராக அதற்கே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கணக்கைச் சரிபார்ப்பவரே ஆலோசனையும் விற்பது முறையா?

பதில்: மிக முக்கியமான கேள்வி. 2000ஆம் ஆண்டில் ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம், என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனியிடம் தணிக்கைக்குச் சுமார் 2.5 கோடி டாலரும் பிற பணிகளுக்குச் சுமார் 2.7 கோடி டாலரும் பெற்றது. கணக்கு மோசடி வெளியே வந்து என்ரான் விழுந்தது, ஆண்டர்சனும் விழுந்தது. 2002ல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தணிக்கையாளர் தான் கணக்கைச் சரிபார்க்கும் கம்பெனிக்கே பல ஆலோசனைப் பணிகளையும் செய்வதைத் தடுத்தது. அதற்கு முன்பே, 2000ல், இஒய் தன் ஆலோசனைப் பிரிவை கேப்ஜெமினிக்கு விற்றிருந்தது. பிடபிள்யூசி 2002ல் ஐபிஎம்முக்கு விற்றது. கேபிஎம்ஜி தனியாகப் பிரித்துவிட்டது. டெலாய்ட் மட்டும் வைத்துக்கொண்டது.

கேள்வி (மேலே கேட்டவரே): விற்றவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்? பேராசைதானே?

பதில்: பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. டெலாய்ட் 2013ல் மானிட்டர் என்ற ஆலோசனை நிறுவனத்தை வாங்கியது. 2014ல் பிடபிள்யூசி பூஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தையும், இஒய் பார்த்தெனான் என்ற ஆலோசனை நிறுவனத்தையும் வாங்கின. ஆனால் இன்றைய தணிக்கைக்கே மதிப்பீட்டு வல்லுநரும் தொழில்நுட்ப வல்லுநரும் வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருப்பதில் பயனும் உண்டு. தணிக்கையையும் ஆலோசனையையும் பிரிக்க இஒய் போட்ட திட்டம் 2023 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

கேள்வி (அவரே): அப்படியென்றால் தணிக்கையாளரின் சுதந்திரம் என்பது காகிதத்தில்தானே?

பதில்: இல்லை, உங்கள் சேமிப்பு வரைக்கும் வரும். நிறுவனம் தணிக்கை செய்யும் கம்பெனியின் பங்கு உங்களிடமோ உங்கள் துணைவரிடமோ இருந்தால் விற்கச் சொல்லலாம். சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் அறிவித்துவிடுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட வாடிக்கையாளர் தணிக்கை வாடிக்கையாளராக இருப்பதாலேயே அந்தப் பணி கிடைக்காமலும் போகும். ஆபத்து இருக்கிறது என்ற உங்கள் வாதத்தை ஏற்கிறேன். விதிகள் வெறும் அலங்காரம் என்பதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: நான்கில் எது நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டெலாய்ட்டா, கேபிஎம்ஜியா?

பதில்: அதே பதில்தான். பிரிவைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: விசா விதிகள்?

பதில்: என் துறை இல்லை. குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பணி முடிந்து அடுத்தது வராமல் சும்மா இருக்க நேர்ந்தால்?

பதில்: காத்திருக்காதீர்கள். புதிய பணிக்கு முன்மொழிவு தயாரிக்கும் குழுவைத் தேடிப் போய், ஓர் அட்டவணையாவது செய்து தருகிறேன் என்று கேளுங்கள். அந்தப் பணி கிடைத்தால் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.