சுற்றாமல் ஆடிய மோட்டார்

வணக்கம் சார்,

என் மகன் ஏழாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தானே ஒரு மோட்டார் செய்தான். டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கர் காந்தம், வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய கம்பி. அன்றைக்குப் பார்த்து சுருள் முன்னும் பின்னும் ஆடியதே தவிர சுற்றவில்லை. பக்கத்து மேசையில் கடையில் வாங்கி வைத்த எரிமலைக்குப் பரிசு. அழுதுகொண்டே வந்தான். அடுத்த வருஷம் நாமும் கிட் வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வ., திண்டுக்கல்

அன்புள்ள வ.,

‘ஆடியது’ என்று எழுதினீர்களே, அது போதும். பேட்டரி, காந்தம் எதிலும் குறையில்லை. பையன் கம்பியின் இரண்டு முனைகளையும் உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் பளபளவென்று தேய்த்திருப்பான். அக்கறையாகச் செய்கிற பிள்ளைகளுக்குத்தான் இது நேரும். எனக்கும் நேர்ந்தது.

வைண்டிங் கம்பி மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டினால்தான் ஊக்கிலிருந்து மின்சாரம் ஏறும். முழுக்கச் சுரண்டிவிட்டாலோ, ஓர் அரைச் சுற்றில் முன்னே தள்ளுகிற விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னே தள்ளும். சுருள் பாவம், ஊஞ்சலாடும். அதனால் ஒரு முனையை முழுசாகச் சுரண்ட வேண்டும். சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் மேல்பாதியை மட்டும். பாதிச் சுற்றில் மின்சாரம் நின்றுவிடும், வந்த வேகத்திலேயே சுருள் தாண்டிப் போய்விடும்.

மிக்ஸியில் பொறி பறந்தால் ரிப்பேர்காரர் ‘கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சுங்க’ என்பார் இல்லையா? அந்தக் கார்பன் உரசுவது செம்புப் பட்டைகள் பதித்த ஓர் உருளையில். சுருள் சுழலச் சுழல, மின்சாரத்தின் திசையைச் சரியான நேரத்தில் திருப்பிவிடுவது அதன் வேலை. உங்கள் மகனின் பாதி சுரண்டிய கம்பி அந்த உருளைக்கு ஏழைச் சொந்தம். திருப்பத் தெரியாது, நிறுத்த மட்டும் தெரியும்.

எரிமலை மேல் எனக்குக் கோபமில்லை. பரிசு கொடுக்க வந்தவர்கள் மேல்தான். ஆடுகிற சுருளைக் கண்டதும் ஒருவராவது குனிந்து கம்பி முனையைப் பார்த்திருக்கலாம்.

கான்பூர் ஐஐடியில் படித்து, டாடாவின் லாரி நிறுவனமான டெல்கோவில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அங்கே பிள்ளைகளுக்கு வடிவியல் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ வந்தது. இந்த மோட்டாரும் அவர் செய்து காட்டியவற்றில் ஒன்று. அவருடைய இணையதளத்தில் எல்லாம் இலவசம். பையனோடு உட்கார்ந்து பாருங்கள்.

கிட் வாங்குவது உங்கள் விருப்பம். அதில் பெரும்பாலும் மோட்டார் தகரக் கூட்டுக்குள் மூடியே வரும், போட்டதும் சுற்றும். உங்கள் வீட்டுக்காரருக்கு நிம்மதி. பையனுக்குச் சுரண்ட ஒன்றுமிருக்காது.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்ட வேண்டாம். புதுக் கம்பி கொடுத்து, ‘ஒரு முனையில பாதி மட்டும் சுரண்டிப் பாரேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டியிருக்கும். சுற்றியதும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டட்டும், ஆனால் ரொம்ப நேரம் ஓடவிட வேண்டாம். பேட்டரி சூடாகிவிடும்.